ஒரு தொப்பிக்குள் அடங்காத இருபது நாடுகள்

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறோம் என்றதும், பல பள்ளிகளில் அலமாரியிலிருந்து முதலில் வெளியே வருவது ஓர் அகன்ற வைக்கோல் தொப்பி. அதன் பின்னால் ஒரு ஜோடி மராக்கா என்ற குலுக்கு வாத்தியம், காளைச் சண்டைப் படம், சுவர் நெடுகக் கொடித் தோரணம். ஒரு வாரம் கொண்டாட்டம் நடக்கும். பிறகு எல்லாம் மீண்டும் அலமாரிக்குள் போய்விடும். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அந்தத் தொப்பியின் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மெக்சிகோவில் அதற்கென்று ஓர் இடமும் வரலாறும் இருக்கின்றன. அதையே உருகுவே பிள்ளையின் தலையிலும், கொலம்பியாவின் போகோட்டா நகரத்துப் பிள்ளையின் தலையிலும், ஆப்பிரிக்காவில் மலாபோ நகரத்துப் பிள்ளையின் தலையிலும் சேர்த்துக் கவிழ்ப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நாடுகளுக்குப் பொதுவாக இருப்பது ஒரு மொழி. பண்பாடுகளோ எண்ணற்றவை. இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொள்ள என் வகுப்பில் எவையெல்லாம் உதவினவோ அவற்றை இங்கே எழுதுகிறேன். இதே பாடத்தை எடுக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் சொல்லித்தரும் பெற்றோருக்கும் பயன்படக்கூடும்.

நான் எப்போதும் வரைபடத்திலிருந்துதான் தொடங்குகிறேன். பெயர்கள் அச்சிடாத உலக வரைபடம் ஒன்றைக் கொடுத்து, ஸ்பானிய மொழி ஆட்சி மொழியாக உள்ள நாடுகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்வேன். ஐரோப்பாவில் ஒன்று, அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியனிலும் பதினெட்டு, ஆப்பிரிக்காவில் ஒன்று. ஆக இருபது. புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆளுகைக்கு உட்பட்டது என்பதால் அதற்குக் கோடுகள் மட்டும் போடச் சொல்வேன். ஆப்பிரிக்காவில் இருப்பது ஈக்வடோரியல் கினியா. 1968 வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நாடு அது. அதற்கு வண்ணம் தீட்டும்போது பிள்ளைகள் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். ஸ்பானிய மொழி பேசுபவர் என்றதும் அவர்கள் மனத்தில் வந்து நின்ற முகம் அந்த நொடியே கலையத் தொடங்கிவிடும்.

வண்ணம் தீட்டிய பகுதிகளைவிட, தீட்டாமல் விட்ட பகுதிகளே அதிகம் கற்பிக்கின்றன. தென் அமெரிக்காவின் நடுவே பிரேசில் வெள்ளையாகவே கிடக்கும். கயானா, சுரினாம், பெலீஸ், ஹெயிட்டி ஆகியவையும் அப்படியே. "பிரேசில் மட்டும் ஏன் இல்லை?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டால் அன்றைய பாடம் தானாகவே நடந்துவிடும். 1494இல் தோர்தேசியாஸ் என்னும் ஊரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் உடன்படிக்கை செய்து, தாங்கள் முழுதாகப் பார்த்திராத நிலங்களை ஒரு கோடு கிழித்துப் பங்கிட்டுக்கொண்டன. பிரேசில் போர்ச்சுகலின் பங்கில் விழுந்தது; அதனால்தான் அங்கே போர்ச்சுகீசிய மொழி. அந்த நிலங்களில் வாழ்ந்துகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இதைச் சொல்லி முடிக்கும் முன்பே பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நியாய அநியாயம் புரிந்துவிடுகிறது. நான் விளக்கவேண்டிய தேவை எழுவதில்லை.

இன்னொரு கேள்வியையும் வரைபடத்தின் முன் நின்றே கேட்பேன்: ஸ்பானிய மொழி பேசுவோர் மிக அதிகமாக வாழும் நாடு எது? எல்லோரும் ஸ்பெயின் என்பார்கள். 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவின் மக்கள்தொகை சுமார் 12.6 கோடி. ஸ்பெயினில் அதன் பாதிகூட இல்லை. ஒரு மொழி பிறந்த இடமும் அது அதிகம் வாழும் இடமும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதை இந்த ஓர் ஒப்பீடு காட்டிவிடுகிறது.

அமெரிக்கக் கண்டங்களை ஸ்பெயின் கைப்பற்றிய வரலாற்றைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று பல பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். அதைத் தவிர்த்தால், ஆண்டஸ் மலையில் இருப்பவர்கள் ஏன் ஸ்பானிய மொழி பேசுகிறார்கள் என்பதற்குப் பதிலே கிடையாது. ஆனால் படையெடுப்புகளை வரிசையாக ஒப்பிப்பதில் பயனில்லை. நான் ஒரு வெள்ளி நாணயத்தின் கதையைச் சொல்கிறேன். இன்றைய பொலிவியாவில் பொத்தோசி நகரத்தின் மேல் நிற்கும் செரோ ரிக்கோ என்ற மலையில் 1545இல் வெள்ளி எடுக்கத் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்கள் முறைவைத்து ஆண்களைச் சுரங்க வேலைக்கு அனுப்பவேண்டும் என்று ஸ்பானிய அரசு கட்டாயப்படுத்தியது. அங்கே வெட்டியெடுத்த வெள்ளி ஒருபுறம் பனாமா வழியாக ஸ்பெயினுக்குப் போனது. மறுபுறம் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பலேறி மணிலாவுக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் வெள்ளி போனது. பிள்ளைகள் வரைபடத்தின் மேல் நூல் பிடித்து இந்த வழியைத் தொடர்வார்கள். நூல் நீள நீள, அதன் தொடக்கத்தில் சுரங்கத்துக்குள் நின்ற மனிதனைப் பற்றிய கேள்விகளும் வரும். அவனுக்குக் கூலி கிடைத்ததா? அவனுடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள்? மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதை மழுப்பாமல் சொல்லிவிட்டு, கொடூரக் காட்சிகளின் விவரிப்பைத் தவிர்ப்பதுதான் இந்த வயதுக்கு ஏற்ற முறை என்பது என் கணிப்பு.

அடுத்த வகுப்பிலேயே, அழியாமல் நின்றவற்றைப் பற்றிப் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழங்குடி மக்கள் எல்லோரும் வரலாற்றோடு முடிந்துபோனவர்கள் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் தங்கிவிடும். பராகுவேயில் 1992 அரசியலமைப்பு குவாரானி மொழியை ஸ்பானியத்துக்கு இணையான ஆட்சி மொழியாக்கியது. பழங்குடியினர் அல்லாத பெருவாரியான மக்களும் அங்கே வீட்டிலும் தெருவிலும் அதைப் பேசுகிறார்கள். பொலிவியாவின் 2009 அரசியலமைப்பு ஸ்பானியத்தோடு 36 பழங்குடி மொழிகளை ஏற்கிறது. ஸ்பெயினுக்குள்ளேயே கத்தலான், பாஸ்க், கலீசிய மொழிகள் அவரவர் பகுதியில் ஆட்சி மொழிகள். கொலம்பியாவில் கார்த்தஹேனாவுக்கு அருகே, அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய சான் பசிலியோ தெ பலெங்கே என்ற ஊர் இருக்கிறது. அதற்கென்று ஒரு தனி மொழியே உண்டு. அந்த ஊரின் கதையைச் சொல்லும் நாளில் எந்தப் பிள்ளையும் மணியைப் பார்ப்பதில்லை.

இருபது நாடுகளையும் ஒரே பருவத்தில் முடிக்க நான் முயல்வதில்லை. பிள்ளைக்கு ஒரு நாடு பிரித்துக்கொடுத்து, தலைநகர், நாணயம், கொடி, உணவு என்று அட்டையில் ஒட்டச்செய்யும் முறை பரவலாக இருக்கிறது. அதில் பெற்றோரின் கையெழுத்து மட்டுமே அழகாக இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு நாட்டில் ஒரே ஒரு பொருளை, ஒரு பழக்கத்தை, ஒரு நாளை எடுத்துக்கொண்டு அதற்குள் ஆழமாகப் போவது எனக்குப் பலன் தந்திருக்கிறது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு புல் பாலம்.

பெருவில் கூஸ்கோ பகுதியில், அபூரிமாக் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே கேஸ்வாச்சாக்கா என்ற தொங்கு பாலம் இருக்கிறது. ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்கா பேரரசின் காலத்து நுட்பத்தில், முழுக்க முழுக்கப் புல்லால் திரித்த கயிறுகளால் ஆனது. கெச்சுவா மொழி பேசும் நான்கு ஊர் மக்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கூடி, பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, சில நாள்களில் புதிய பாலத்தைக் கட்டிமுடிக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். யுனெஸ்கோ 2013இல் இந்தப் பாலம் கட்டும் அறிவை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இதைப் படம் காட்டி முடித்துவிடாதீர்கள். கயிறு திரிக்க வையுங்கள். நீண்ட காய்ந்த புல் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் நார் அல்லது மெல்லிய காகிதப் பட்டைகள் போதும். இரண்டு இழைகளை எடுத்து, இரண்டையும் ஒரே திசையில் தனித்தனியாக முறுக்க வேண்டும். பிறகு ஒன்றை மற்றொன்றின் மேல் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஒரு முறுக்கு மற்றொன்றை அவிழவிடாமல் பிடித்துக்கொள்ளும். இழை தீரும் இடத்துக்குச் சற்று முன்பே புதிய இழையைச் செருகிவிட வேண்டும். இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் தீர்ந்தால் கயிறு அங்கேயே அறுந்துவிடும். பிள்ளைகள் திரித்த மெல்லிய கயிறுகளை மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னி, இரண்டு மேசைகளுக்கு இடையே கட்டி, புத்தகப் பைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவோம். விரலால் இழுத்தாலே அறுகிற புல், பையைத் தாங்கி நிற்பதைப் பார்க்கும்போது வகுப்பில் எழும் ஆரவாரம் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும். இரண்டு பாடவேளைகள் தேவைப்படும் என்பதால் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

கயிறு திரித்த கையோடு கேள்விகளும் கூர்மையாகின்றன. அருகிலேயே வண்டிகள் போகும் புதிய பாலம் இருக்கும்போது புல் பாலத்தை ஏன் ஆண்டுதோறும் கட்டுகிறார்கள் என்று கேட்டார்கள். பெருந்தொற்றால் 2020இல் பாலம் புதுப்பிக்கப்படவில்லை, 2021 மார்ச்சில் அது அறுந்து விழுந்தது, அதே ஆண்டு ஜூனில் மக்கள் மறுபடியும் கட்டினார்கள் என்ற செய்தியை மட்டும் சொன்னேன். ஏன் கட்டினார்கள் என்பதை அவர்களே விவாதித்தார்கள். பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் பெண்கள் மெல்லிய கயிறு திரிக்க, பாலத்தின் மேல் ஆண்கள் மட்டுமே வேலை செய்வது மரபு என்று அறிந்ததும் ஒரு மாணவி அதை ஏற்க மறுத்தாள். அவள் கோபத்தை நான் தணிக்கவில்லை. ஒரு பண்பாட்டை மதிப்பதும் அதனிடம் கேள்வி கேட்பதும் சேர்ந்தே நடக்கலாம் என்பதை அந்த வகுப்பில் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள்.

சிறிய வகுப்புகளுக்கு, ஸ்பெயினைச் சேர்ந்த கானரித் தீவுகளில் உள்ள லா கோமேராவின் சீழ்க்கை மொழி அருமையாகப் பொருந்தும். ஆழமான பள்ளத்தாக்குகள் நிறைந்த அந்தத் தீவில், ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குச் சீழ்க்கையிலேயே முழு வாக்கியங்களைப் பேசுகிறார்கள். ஸ்பானிய மொழியின் ஐந்து உயிரொலிகளை இரண்டு சீழ்க்கை ஒலிகளாகவும், மெய்யொலிகளை நான்காகவும் சுருக்கியிருக்கிறார்கள். தொலைபேசி வந்தபின் மறைந்துகொண்டிருந்த இந்த முறையை 1999 முதல் தீவின் பள்ளிகளில் கட்டாயப் பாடமாகக் கற்பிக்கிறார்கள். வகுப்பைத் திடலின் இரு மூலைகளிலும் நிறுத்தி, உயர்ந்த ஒலி ஒன்று, தாழ்ந்த ஒலி ஒன்று என இரண்டை மட்டும் வைத்து நண்பர்களின் பெயர்களை அனுப்பச் சொல்லுங்கள். சீழ்க்கை வராத பிள்ளைக்கு ஒரு ஊதல் கொடுத்தால் போதும்.

கணக்கு ஆசிரியரின் துணை கிடைத்தால் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியின் பழங்குடியினரான மாயா மக்களின் பழைய எண்களையும் விட்டுவிடாதீர்கள். புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து, சிப்பி வடிவம் என்றால் சுழியம். இருபதின் அடுக்குகளாகக் கீழிருந்து மேலாக எழுதுவார்கள். சிப்பிக்கு மேலே ஒரு புள்ளி வைத்தால் இருபது. இடமதிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கு, பழகிய பத்தை விட்டு இருபதில் யோசிப்பது ஆச்சரியமாக உதவுகிறது. மாயா மொழிகளைப் பேசுவோர் இன்றும் குவாத்தமாலாவிலும் தெற்கு மெக்சிகோவிலும் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பதை அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

தங்கள் வயதுப் பிள்ளையின் அன்றாடம்தான் பிள்ளைகளை மிகவும் ஈர்க்கிறது. அர்ஜென்டினாவில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் உடைக்கு மேலே வெள்ளை மேலங்கி அணிகிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்ற வேற்றுமை தெரியாமல் இருக்க அது உதவும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். உருகுவேயில் அதே வெள்ளை அங்கியோடு கழுத்தில் ஒரு பெரிய நீல நாடா முடிச்சும் சேரும். ஸ்பெயினில் விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் பெரெஸ் என்ற எலி வந்து எடுத்துக்கொண்டு பரிசு வைத்துவிட்டுப் போகும். பெயர் வைக்கும் முறையும் நல்ல பாடம். பெரும்பாலான நாடுகளில் தந்தையின் குடும்பப் பெயரும் தாயின் குடும்பப் பெயரும் சேர்ந்தே பிள்ளைக்கு வருகின்றன. கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் பெயரில் கார்சியா தந்தை வழி, மார்க்கேஸ் தாய் வழி. பிள்ளைகளைத் தங்கள் பெயரை இந்த முறையில் எழுதச் சொல்லலாம். ஆனால் எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் இரண்டு பெற்றோர் இருப்பதில்லை. ஆகவே, தனக்குப் பிரியமான இருவரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன்.

விழாக்களைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. கடையில் கிடைக்கும் பணித்தாள்கள் பலவும் மே 5ஐ மெக்சிகோவின் விடுதலை நாள் என்று அச்சிட்டிருக்கின்றன. அது 1862இல் புவேப்லா நகரில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள். மெக்சிகோ தன் விடுதலை நாளைச் செப்டம்பர் 16 அன்று கொண்டாடுகிறது. அதற்கு முதல் நாளான செப்டம்பர் 15, மத்திய அமெரிக்காவின் ஐந்து நாடுகளுக்கும் பொதுவான விடுதலை நாள். குவாத்தமாலா, எல் சல்வதோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிக்கா ஆகிய ஐந்தும் 1821இல் ஒன்றாகவே விடுபட்டன. ஒவ்வோர் ஆண்டும் குவாத்தமாலாவிலிருந்து ஒரு தீப்பந்தம் மாணவர்களின் கைமாறி கோஸ்டாரிக்கா வரை ஓடுகிறது. 14ஆம் தேதி மாலை ஆறு மணிக்குக் கோஸ்டாரிக்காவின் பிள்ளைகள் தாங்களே செய்த விளக்குக் கூடுகளோடு தெருவுக்கு வந்து நாட்டுப்பண் பாடுகிறார்கள். காகித விளக்குக் கூடு செய்வது எளிது. அதைச் செய்துகொண்டே ஐந்து கொடிகளிலும் நீலமும் வெள்ளையும் ஏன் இருக்கின்றன என்று பேசலாம். ஒரு காலத்தில் அவை ஒரே கூட்டாட்சியாக இருந்தன.

மெக்சிகோவின் இறந்தோர் நாளை நடத்தும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் இறந்துபோன உறவினர்கள் வீட்டுக்கு வந்துபோவதாக நம்பி, அவர்களின் படம், பிடித்த உணவு, துலுக்கச் சாமந்திப் பூ, மெழுகுவர்த்தி ஆகியவற்றால் படையல் வைக்கிறார்கள். மண்டையோட்டு முகமூடி செய்து பிள்ளைகளைப் பயமுறுத்தி விளையாடும் நாளாக இதை மாற்றிவிடக் கூடாது. மெக்சிகோ நகரத்தின் பிரம்மாண்டமான ஊர்வலம்கூட 2016இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தின் காட்சிதான் அதற்குத் தூண்டுதல். வீட்டிலும் கல்லறையிலும் நடக்கும் வழிபாடு அதைவிட மிகப் பழையது. அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன். படம் கொண்டுவருவது அவரவர் விருப்பம். "அந்த நாளில் அவர்கள் அழுவார்களா, சிரிப்பார்களா?" என்று ஒரு பையன் கேட்டான். எங்களோடு காணொளியில் பேசிய மெக்சிகோ ஆசிரியை ஒருவரிடம் அந்தக் கேள்வியை அப்படியே வைத்தோம். தன் வீட்டில் இரண்டும் நடக்கும், யாரும் யாரையும் தடுப்பதில்லை என்றார் அவர். அதே நவம்பர் 1 அன்று குவாத்தமாலாவின் சும்பாங்கோ ஊரில் மூங்கிலாலும் மெல்லிய காகிதத்தாலும் செய்த ஆளுயரத்தை விஞ்சும் பட்டங்களைக் கல்லறைத் திடலில் நிறுத்துகிறார்கள். ஒரே நாள், எல்லையைத் தாண்டியதும் வேறு வடிவம். அருகருகே வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும்.

வறுமைக் கதைகளை மட்டும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதிலும் கவனம் தேவை. பராகுவேயில் குப்பைமேட்டுக்கு அருகே வாழும் பிள்ளைகள் தகர டப்பாக்களில் செய்த வயலின்களை வாசிக்கும் இசைக்குழு நெகிழ்ச்சியானது. அதை அவசியம் சொல்வேன். ஆனால் 2007 முதல் உருகுவே தன் அரசுப் பள்ளி மாணவர் அனைவருக்கும் மடிக்கணினி வழங்கியதையும், கோஸ்டாரிக்கா 1948இல் தன் ராணுவத்தையே கலைத்ததையும் அதே வாரத்தில் சொல்வேன். இரக்கப்படுவதற்காக மட்டும் ஒரு நாட்டை அறிந்துகொள்ளும் பிள்ளை, அந்த நாட்டுப் பிள்ளையை ஒருபோதும் தனக்குச் சமமாகப் பார்க்காது.

வாய்ப்பு இருந்தால் அங்குள்ள ஒரு வகுப்போடு கடிதத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சிலியில் ஒரு வகுப்பு கிடைத்தது. தென்கோளத்தில் இருக்கும் அந்த நாட்டில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிவதால், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எழுதினால் பதில் வராது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். செப்டம்பரில் அவர்களுக்குத் தேசிய நாள் விடுமுறை வரும். அப்போது பட்டம் விட்டதைப் பற்றியே எல்லோரும் எழுதியிருந்தார்கள். உங்கள் நாட்டின் பெருமை என்ன என்பது போன்ற கேள்விகளுக்குப் பாடப்புத்தகப் பதில்தான் வரும். காலையில் யார் எழுப்பிவிடுவார்கள், எந்தப் பாடம் பிடிக்காது, உணவு இடைவேளையில் என்ன விளையாடுவீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு கடிதத்துக்கு மூன்று கேள்விகள் போதும். மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தினால் வாக்கியங்கள் குட்டையாக இருக்கட்டும், வேடிக்கைப் பேச்சு வேண்டாம். கடிதங்களை ஆசிரியர் இருவரும் படித்த பிறகே கொடுக்க வேண்டும். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எந்தக் கடிதத்திலும் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் படங்களை அனுப்புவதற்கு முன் இரு பக்கத்துப் பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இதை ஆண்டின் தொடக்கத்திலேயே முடித்து வைத்தால் நடுவில் வேலை தடைபடாது.